கைதோடு முடிந்துவிடும் கதைகள்



‘உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது’ என்னும் ஒரு வரி திரையில் தோன்றியவுடன், பார்ப்பவரின் மனம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறது. கற்பனைக் கதையென்றால் ‘கதைதானே’ என்று ஒதுக்கிவிடலாம். உண்மைக் கதையென்று சொல்லப்பட்டதையோ நேரில் கண்ட சாட்சியின் வாக்குமூலத்தைப் போல ஏற்றுக்கொள்கிறோம். தொலைக்காட்சியிலும் ஓடிடி தளங்களிலும் இன்று பெருகிக் கிடக்கும் உண்மைக் குற்றப் படங்களும் தொடர்களும் இந்த நம்பிக்கையை முதலீடாகக் கொண்டே நடக்கின்றன. இஷாவுக்குப் பிறகு குடும்பத்தோடு அமர்ந்து இவற்றைப் பார்ப்பது நம் வீடுகளிலும் வழக்கமாகிவிட்ட நிலையில், இவை யாரை எப்படிக் காட்டுகின்றன என்பது பொழுதுபோக்கைப் பற்றிய கேள்வியாக நின்றுவிடாது. அது சாட்சியம் பற்றிய கேள்வி. சாட்சியம் பற்றி நம் மார்க்கத்துக்குச் சொல்ல நிறையவே உண்டு.

திரையில் முஸ்லிம்களின் நிலை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம் சமுதாயத்தில் ஒரே கோரிக்கையே ஒலிக்கிறது: ‘எங்களையும் நல்லவர்களாகக் காட்டுங்கள்.’ தொப்பியணிந்த ஒரு நல்ல காவலர், நோயாளிக்குக் குருதி கொடுக்கும் ஒரு நல்ல பாய், நாட்டுக்காக உயிர்விடும் ஒரு நல்ல நண்பன் என இந்தக் கோரிக்கைக்குத் திரையுலகம் அவ்வப்போது சில்லறை போட்டு அனுப்பிவிடுகிறது. நாமும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். இந்தக் கோரிக்கையே பிழையானது என்பது நம் வாதம். நல்லவர்களாகக் காட்டப்படுவது ஒரு சமுதாயத்தின் உரிமையன்று, அது சலுகை. உண்மை முழுமையாகச் சொல்லப்படுவதே உரிமை. அந்த உரிமையைக் கேட்பவர்கள், உண்மை தமக்குக் கசக்கும் இடத்திலும் அதையே கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

கசக்கும் இடத்திலிருந்தே தொடங்குவோம்.

2022ஆம் ஆண்டு டெல்லியில் ஓர் இளம்பெண் கொடூரமாகக் கொல்லப்பட்ட செய்தி நாட்டையே உலுக்கியது. அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்துவந்த இளைஞர் கொலைக் குற்றச்சாட்டில் கைதானார். அவர் பெயர் முஸ்லிம் பெயர். கொல்லப்பட்டவர் இந்துப் பெண். அவ்வாண்டு டிசம்பர் இறுதியில், சோனி தொலைக்காட்சியின் ‘கிரைம் பேட்ரோல்’ நிகழ்ச்சியில், அந்த வழக்கை அப்படியே நினைவூட்டும் ஓர் அத்தியாயம் ஒளிபரப்பானது. அதில் கொலைகாரனுக்கு இந்துப் பெயர். கொல்லப்பட்ட பெண்ணுக்குக் கிறித்தவப் பெயர். எதிர்ப்பு வலுத்தது. அண்மை வழக்கைப் பற்றியதன்று, 2011இல் நடந்த சில சம்பவங்களைத் தழுவிய கற்பனையே அது என்று சேனல் விளக்கம் கூறிற்று. பின்னர் அத்தியாயத்தை நிறுத்திவிட்டு வருத்தமும் தெரிவித்தது.

இதைக் கேட்டு நம்மில் சிலருக்கு உள்ளூர ஒரு நிம்மதி பிறக்கக்கூடும். ‘நம் பெயரை எடுத்துவிட்டார்களே, நல்லதுதானே’ என்று தோன்றக்கூடும். அந்த நிம்மதி ஹலாலானதன்று. ஒருவர் மீதுள்ள குற்றச்சாட்டை எடுத்து, அதில் தொடர்பேயில்லாத இன்னொரு சமுதாயத்தின் பெயரில் எழுதுவது எத்தகைய செயல் என்பதைத் திருக்குர்ஆன் ஐயத்துக்கிடமின்றிச் சொல்லியிருக்கிறது.

ஸூரத்துன் நிஸாவின் 105ஆம் வசனம் முதல் வரும் பகுதி இறங்கிய பின்னணியாக விரிவுரையாளர்கள் பலர் எடுத்துரைக்கும் நிகழ்ச்சி இது. மதீனாவில் ஒருவன் போர்க்கவசம் ஒன்றைத் திருடினான். அவன் முஸ்லிம்களோடு முஸ்லிமாக வாழ்ந்தவன். பிடிபடும் நிலை வந்தபோது கவசம் ஒரு யூதரின் வீட்டிலிருந்து எடுக்கப்படும்படி செய்து, பழியை அவர்மேல் போட்டான். அவனுடைய குலத்தார் திரண்டு வந்து தம் ஆளுக்காக நபி (ஸல்) அவர்களிடம் வாதாடினார்கள். தடயமும் அந்த யூதருக்கு எதிராகவே இருந்தது. குலபலமும் பேச்சுவன்மையும் வென்றுவிடும் நிலையில் இறைவசனம் இறங்கியது. மோசடிக்காரர்களுக்காக வாதாட வேண்டாம் என்று அது கட்டளையிட்டது. தான் செய்த குற்றத்தை நிரபராதியொருவர் மேல் எறிபவன் பெரும் அவதூறையும் வெளிப்படையான பாவத்தையும் சுமந்துகொண்டான் என்று 112ஆம் வசனம் தீர்ப்புரைத்தது.

சற்றே நின்று இதைச் சிந்திக்க வேண்டும். குற்றவாளி நம் கூட்டத்தில் இருந்தான். குற்றம் சுமத்தப்பட்டவர் நம் கூட்டத்தவர் அல்லர். புதிதாய்ப் பிறந்த ஒரு சமுதாயத்தின் நற்பெயர் ஆபத்தில் இருந்தது. அப்போதும் வேதம் நற்பெயரைக் காக்கவில்லை, நிரபராதியைக் காத்தது. அந்த வசனங்களை இன்றளவும் தொழுகையில் ஓதிவரும் சமுதாயம் ‘கிரைம் பேட்ரோல்’ செய்த பெயர்மாற்றத்தில் ஆறுதல் தேட முடியாது. அது நமக்குச் செய்யப்பட்ட நன்மையன்று. ‘முஸ்லிமின் குற்றத்தை மறைக்கிறார்கள்’ என்று கூவுவோருக்கு அளிக்கப்பட்ட ஆயுதம் அது. கொல்லப்பட்ட பெண்ணுக்கோ அது இரண்டாவது அநீதி. உயிரைத்தான் பறித்தார்கள் என்றால், அவர் கதையையும் அவரிடமிருந்து பறித்து வேறொரு பெயருக்கு உரியதாக்கிவிட்டார்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வு 2024இல் நடந்தது. 1999 டிசம்பர் 24 அன்று காத்மண்டுவிலிருந்து டெல்லிக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டதை வைத்து, அனுபவ் சின்ஹா இயக்கிய ‘ஐசி 814: தி காந்தஹார் ஹைஜாக்’ தொடரை நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்டது. கடத்தியவர்கள் ஐவரும் பாகிஸ்தானியர், முஸ்லிம் பெயரினர். விமானத்துக்குள் அவர்கள் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்ட புனைபெயர்கள் சீஃப், டாக்டர், பர்கர், போலா, சங்கர். இது தொடரை எடுத்தவர்களின் கற்பனையன்று. 2000 ஜனவரியில் இந்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையிலேயே உள்ள செய்தி. ஆயினும் ‘போலா’, ‘சங்கர்’ என்னும் பெயர்கள் காதில் விழுந்ததும், பயங்கரவாதிகளை இந்துக்களாகக் காட்டிவிட்டார்கள் என்று பெரும் கூச்சல் எழுந்தது. தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் நெட்ஃபிளிக்ஸ் நிர்வாகியை அழைத்து விளக்கம் கேட்டது. இறுதியில் கடத்தல்காரர்களின் இயற்பெயர்களும் புனைபெயர்களும் தொடரின் தொடக்க அறிவிப்பில் சேர்க்கப்பட்டன.

இயற்பெயர்களைச் சேர்த்ததில் நமக்கு எந்த மறுப்பும் இல்லை. உண்மை கூடுதலாகச் சொல்லப்பட்டால் கூடுதல் நன்மையே. ஆனால் இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். முதலாவதில் பொய் சொல்லப்பட்டது. இரண்டாவதில் உண்மை சொல்லப்பட்டது. கூச்சல் மட்டும் இரண்டிலும் ஒன்றே. திரையில் தோன்றும் குற்றவாளியின் பெயர் எந்த மதத்துப் பெயர் என்பதே அங்கே வழக்காகிவிட்டது. அந்த விமானத்துக்குள் குத்திக் கொல்லப்பட்ட இளைஞரைப் பற்றியும், அவரோடு பயணம் செய்த அவருடைய புதுமனைவியைப் பற்றியும் அந்த வாரத்தில் யார் பேசினார்கள்? பெயர்களின் சண்டையில் காணாமற்போவது எப்போதும் பாதிக்கப்பட்டவர்தாம்.

பெயருக்கு அடுத்தபடியாக இந்தப் படங்கள் விளையாடுவது எண்ணிக்கையோடு.

‘தி கேரளா ஸ்டோரி’ படத்தின் முன்னோட்டம், கேரளத்தைச் சேர்ந்த 32,000 பெண்கள் மதம் மாற்றப்பட்டுப் பயங்கரவாத இயக்கத்துக்கு இட்டுச் செல்லப்பட்டதாக உரைத்தது. கேள்விகள் எழுந்தபின் அதே படத்தின் விளம்பரக் குறிப்பு மூன்று பெண்களின் கதையாகச் சுருங்கிவிட்டது. முப்பத்திரண்டாயிரம் மூன்றாகிவிட்டது! 2023 மே மாதத்தில் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, 32,000 என்னும் எண்ணுக்கு நம்பத்தகுந்த தரவு எதுவுமில்லை என்றும் படம் கற்பனை கலந்தது என்றும் அறிவிப்பு இடப்பட வேண்டியதாயிற்று. கதை இத்தோடு முடியவில்லை. 2024 ஏப்ரல் 5 அன்று அரசின் தூர்தர்ஷனே அந்தப் படத்தைத் தேசிய அலைவரிசையில் ஒளிபரப்பியது. 2025இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திரைப்பட விருதுகளில் அதன் இயக்குநருக்குச் சிறந்த இயக்குநர் விருதும் கிடைத்தது.

இதிலும் நாம் நேர்மையைக் கைவிடக் கூடாது. கேரளத்திலிருந்து சிலர், பெண்கள் உட்பட, ஐஎஸ் அமைப்பின் பிடியிலிருந்த பகுதிகளுக்குச் சென்றது உண்மை. அவர்களுடைய பெற்றோரின் துயரமும் உண்மை. அந்த ஒவ்வொரு குடும்பத்தின் கதையும் சொல்லத்தக்கதே. சில குடும்பங்களின் கண்ணீரை ஆயிரக்கணக்கால் பெருக்கி, அதை ஒரு சமுதாயம் முழுவதன் மீதும் குற்றப்பத்திரிகையாக வாசித்தது அநீதி. அறிவிப்பு ஒரு மூலையில் சில நொடிகள் தோன்றி மறையும். எண்ணோ நெஞ்சில் தங்கிவிடும். பக்கத்து வீட்டு அக்காவின் நெஞ்சிலும், கல்லூரியில் நம் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் அமரும் மாணவியின் நெஞ்சிலும் அது தங்கிவிடும். நாளை விடுதியறை பகிரும்போதும், வாடகைக்கு வீடு கேட்டுச் செல்லும்போதும் அந்த எண் நமக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருக்கும்.

பெயரையும் எண்ணையும் விடப் பெரிய அநீதி ஒன்று உண்டு. அது காட்டப்படுவதில் இல்லை. காட்டப்படாமல் விடப்படுவதில் இருக்கிறது. குண்டு வெடிக்கிறது, அதிகாரிகள் தூக்கமின்றித் துப்புத் துலக்குகிறார்கள், குறுகிய சந்தொன்றில் கதவு உடைக்கப்படுகிறது, தாடி வைத்த இளைஞன் விலங்கோடு வெளியே கொண்டுவரப்படுகிறான், வெற்றி இசை எழுகிறது, படம் முடிகிறது. கைதுதான் முடிவு. ஆனால் வாழ்க்கையில் கைது முடிவன்று, அது தொடக்கம்.

2006 ஜூலை 11 அன்று மும்பை புறநகர் ரயில்களில் அடுத்தடுத்து ஏழு குண்டுகள் வெடித்து 180க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வழக்கில் பதின்மூன்று பேர் விசாரிக்கப்பட்டார்கள், அனைவரும் முஸ்லிம்கள். 2015இல் சிறப்பு நீதிமன்றம் ஒருவரை விடுவித்து, பன்னிருவரைக் குற்றவாளிகளெனத் தீர்ப்பளித்தது. ஐவருக்குத் தூக்கு, எழுவருக்கு ஆயுள் தண்டனை. பத்தொன்பது ஆண்டுகள் கழிந்து, 2025 ஜூலை 21 அன்று, மும்பை உயர் நீதிமன்றம் அந்தப் பன்னிருவரையும் விடுதலை செய்தது. வழக்கு நிரூபிக்கப்படவேயில்லை என்றது. சில நாட்களில் உச்ச நீதிமன்றம், மேல்முறையீடு நிலுவையில் இருப்பதால் இத்தீர்ப்பை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்று தடை விதித்தது. விடுதலையானவர்கள் மீண்டும் சிறைக்குச் செல்லத் தேவையில்லை என்றும் கூறியது. பன்னிருவரில் ஒருவர் அந்த விடுதலையைக் காணாமலேயே 2021இல் சிறையில் இறந்துபோயிருந்தார்.

குஜராத்தின் அக்‌ஷர்தாம் கோவிலில் 2002 செப்டம்பரில் நடந்த தாக்குதல் வழக்கும் அப்படியே. தண்டனை பெற்ற ஆறு பேரையும் 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அவர்களில் மூவர் தூக்குத்தண்டனைக் கைதிகள். புலனாய்வு நடந்த விதத்தை நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது.

பதினோரு ஆண்டு, பத்தொன்பது ஆண்டு என்று நாம் எளிதாய்ச் சொல்லிவிடுகிறோம். கைதானபோது தொட்டிலில் கிடந்த பிள்ளை, அத்தா திரும்பி வரும்போது மீசை அரும்பிய இளைஞன். அவரை ஜனாஸாவுக்கு வழியனுப்ப முடியாமல் போன உம்மாமார்கள் உண்டு. ‘பயங்கரவாதியின் மகள்’ என்னும் பெயரோடு பள்ளிக்குப் போன பெண்பிள்ளைகள் உண்டு. இந்தக் கதைகளுக்குத் திரையில் எத்தனை மணி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது?

ஒன்று வந்தது. மும்பை ரயில் வழக்கில் ஒன்பது ஆண்டுகள் சிறையிலிருந்து 2015இல் விடுதலையான பள்ளி ஆசிரியர் அப்துல் வாஹித் ஷேக்கின் வாழ்க்கையை வைத்து, சுதர்ஷன் காமரே என்னும் இயக்குநர் 2022இல் ‘ஹீமோலிம்ஃப்’ என்ற படத்தை எடுத்தார். நம் வீடுகளில் எத்தனை பேர் அதன் பெயரையாவது கேள்விப்பட்டிருக்கிறோம்? நம்மைத் திட்டி வரும் படத்தின் முன்னோட்டத்தைக் கண்டித்துக்கொண்டே நூறு குழுக்களுக்கு அனுப்பி, அதற்குச் செலவில்லா விளம்பரம் செய்கிறோம். நமக்காகப் பேச வந்த படமோ பார்ப்பாரின்றிப் போய்விடுகிறது.

விடுதலை மட்டும் போதாது, பெயரும் மீட்கப்பட வேண்டும் என்பதை நமக்குக் கற்றுத் தந்தவர் யூஸுஃப் (அலை) அவர்கள். சட்டை பின்புறம் கிழிந்திருந்தது என்னும் தடயமே அவர் குற்றமற்றவர் என்று காட்டிவிட்டது. அத்தாட்சிகளைக் கண்ட பின்னரும் அவரைச் சிறையிலிட்டார்கள் என்கிறது ஸூரா யூஸுஃப் (12:35). ஆண்டுகள் பல சென்று அரசன் அழைத்தபோது அவர் உடனே எழுந்து ஓடிவிடவில்லை. முதலில் அந்தப் பெண்களின் விவகாரம் என்னவென்று விசாரிக்கும்படி தூதரைத் திருப்பியனுப்பினார் (12:50). விசாரணை நடந்து, பழி சுமத்தியவரே உண்மையை ஒப்புக்கொண்டார். சிறைக்கதவு திறப்பது நீதியின் பாதி. பழி விழுந்த அதே மன்றத்தில் அது துடைக்கப்படுவது மறுபாதி. இன்று பழி விழும் மன்றம் திரைதான். துடைக்கப்படும் வேலையும் அங்கேதான் நடக்க வேண்டும்.

அப்படியானால் குற்றங்களைப் பற்றிப் படமெடுக்கலாமா, கூடாதா? மார்க்கம் இதற்கு ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறது. தீமையான பேச்சு பகிரங்கமாக்கப்படுவதை அல்லாஹ் விரும்புவதில்லை. அநீதி இழைக்கப்பட்டவர் பேசுவதைத் தவிர என்று ஸூரத்துன் நிஸாவின் 148ஆம் வசனம் கற்பிக்கிறது. இந்த ஒரு விதிவிலக்கில் அனைத்தும் அடங்கியிருக்கிறது. குற்றத்தை ஊரறியச் சொல்லும் உரிமை முதலில் அநீதி இழைக்கப்பட்டவருக்கு உரியது. கொல்லப்பட்டவரின் குடும்பம் அதில் சேரும். பொய்வழக்கில் சிக்கியவரும் சேருவார். எந்தப் படத்தைப் பார்த்தாலும், இந்தக் கதையில் அநீதி இழைக்கப்பட்டவர் பேசுகிறாரா, அல்லது அவரைப் பற்றி மற்றவர்கள் பேசிப் பணம் பண்ணுகிறார்களா என்று நாம் கேட்டாக வேண்டும்.

அவர்கள் பேசும்போது என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. 1989இல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்ட வழக்கில், பதினான்கு முதல் பதினாறு வயதுக்குட்பட்ட ஐந்து சிறுவர்கள் பிடிக்கப்பட்டார்கள். நால்வர் கறுப்பினத்தவர், ஒருவர் லத்தீன் அமெரிக்க வம்சாவளி. அவர்களில் யூசுஃப் ஸலாம் என்னும் பதினைந்து வயது முஸ்லிம் சிறுவரும் இருந்தார். பத்திரிகைகள் அவர்களை ஓநாய்க்கூட்டமாகச் சித்தரித்தன. மரணதண்டனையை மீண்டும் கொண்டுவரக் கோரி, அன்று கட்டட முதலாளியாக இருந்த டொனால்ட் டிரம்ப் முழுப்பக்க விளம்பரங்கள் கொடுத்தார். 2002இல் உண்மைக் குற்றவாளி தானே ஒப்புக்கொண்டான்; மரபணுச் சோதனையும் அதை உறுதிசெய்தது; ஐவரின் தண்டனையும் நீக்கப்பட்டது. ஆயினும் அவர்களுடைய வாழ்க்கையும் அவர்களுடைய தாய்மார்களின் வேதனையும் உலகின் கண்முன் வந்தது, ஏவா டுவெர்னே இயக்கி 2019இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘வென் தே சீ அஸ்’ என்னும் நான்கு பகுதித் தொடரால்தான். யூசுஃப் ஸலாம் 2023இல் நியூயார்க் மாநகராட்சி மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்தத் தொடரும் கேள்விக்கு அப்பாற்பட்டதாக இல்லை. தன்னைத் தவறாகச் சித்தரித்துவிட்டதாக முன்னாள் அரசு வழக்கறிஞர் ஒருவர் அவதூறு வழக்குத் தொடுத்தார். 2024இல் அது சமரசத்தில் முடிந்து, தவறாகத் தண்டிக்கப்பட்டோருக்காக உழைக்கும் அமைப்புக்கு நெட்ஃபிளிக்ஸ் பத்து லட்சம் டாலர் நன்கொடை தர ஒப்புக்கொண்டது. நமக்கு உவப்பான தரப்பைப் பேசும் படமாயினும், எதிர்த்தரப்பினரின் வாயில் அவர்கள் சொல்லாத சொல்லை வைக்கலாகாது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை அநீதியின்பால் தள்ளிவிடக் கூடாது என்னும் கட்டளைக்கு (5:8) படப்பிடிப்புத் தளம் விலக்கன்று.

‘முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள் குற்றம் செய்ததேயில்லையா? அதைக் காட்டினால் மட்டும் ஏன் துடிக்கிறீர்கள்?’ என்று நம்மைக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். செய்திருக்கிறார்கள். 1993 மார்ச் 12 அன்று மும்பையில் வெடித்த குண்டுகளுக்கு 257 உயிர்கள் பலியாயின. அதைச் செய்தவர்களுக்காக வாதாட நமக்கு அனுமதியில்லை. அந்த வழக்கைப் பற்றி ஹுசைன் ஸைதி என்னும் முஸ்லிம் பத்திரிகையாளர் நூல் எழுதினார். அதையொட்டி அனுராக் காஷ்யப் ‘பிளாக் ஃப்ரைடே’ படத்தை எடுத்தார். சதிகாரர்கள் அதில் சதிகாரர்களாகவே வருகிறார்கள், எவருக்கும் வெள்ளையடிக்கப்படவில்லை. அதே வேளையில், குண்டுவெடிப்புக்கு முந்தைய கலவரங்களும் அதில் உண்டு. காவல்நிலைய அறைகளில் சந்தேகத்துக்குரியோரும் அவர்களுடைய வீட்டார் பட்ட கொடுமையும் உண்டு. வழக்கின் தீர்ப்பு வருமுன் படம் வந்தால் விசாரணை பாதிக்கப்படும் என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் முறையிட, நீதிமன்றம் வெளியீட்டை நிறுத்திவைத்தது. 2007இல்தான் படம் திரைக்கு வந்தது. முஸ்லிம் குற்றவாளியை முஸ்லிம் குற்றவாளியாகவே காட்டிய அந்தப் படத்தைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. குற்றம் அங்கே குற்றவாளியின் கழுத்தில் தொங்குகிறது. தெருவில் நடந்துபோகும் தொப்பிக்காரரின் தலையில் அது ஏற்றப்படவில்லை.

இந்த வேறுபாட்டைத் திரைத்துறையினர் அறியாதவர்கள் அல்லர். கொலைகாரன் வேறு மதத்தவனாக இருக்கும்போது அவன் மனநோயாளி, காதலில் தோற்றவன், பேராசைக்காரன். அவனுடைய கோவிலையோ தேவாலயத்தையோ கேமரா காட்டுவதில்லை, காட்டவும் கூடாது. கொலைகாரன் முஸ்லிம் என்றால் மட்டும் பின்னணியில் பாங்கோசை எழுகிறது. அவன் தொழுது முடித்துவிட்டுத்தான் கத்தியை எடுக்கிறான். ஒருவனுக்குக் குற்றத்தின் காரணம் அவன் மனம். மற்றவனுக்குக் காரணம் அவன் மார்க்கம். எங்களுக்கு ஒரு நல்ல பாத்திரம் போடுங்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, எல்லாக் குற்றவாளிகளையும் ஒரே தராசில் நிறுங்கள் என்று கேட்போம்.

கேட்கும் முறையிலும் நாம் மாற வேண்டியிருக்கிறது. 2013இல் ‘விஸ்வரூபம்’ வந்தபோது தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்பதை நாமறிவோம். அது கற்பனைப் படமே. முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்பையடுத்து அரசு தடை விதித்தது. இரண்டு வாரம் கழித்துச் சில வெட்டுகளோடு படம் வெளியானது. அந்த இரண்டு வாரத்தில் முஸ்லிம்கள் சகிப்பற்றவர்கள் என்னும் விவாதமே தொலைக்காட்சிகளை நிரப்பியது. படம் எழுப்பிய கேள்விகள் அந்த இரைச்சலில் அமிழ்ந்துபோயின. தடை கேட்பவர் உண்மைக்கு அஞ்சுபவர் போலத் தோற்றமளிப்பார். திருத்தம் கேட்பவரோ உண்மையின் பக்கம் நிற்பார்.

திருத்தம் கேட்க வழிகளும் உள்ளன. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஒவ்வொரு ஓடிடி நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, வரும் புகார்மீது பதினைந்து நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவு நிறைவளிக்காவிட்டால் மேல்முறையீட்டுக்குச் சுயகட்டுப்பாட்டு அமைப்பு இருக்கிறது. தொலைக்காட்சிகளுக்கும் இதையொத்த ஏற்பாடு உண்டு. நம் ஜமாஅத்துகளில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், பட்டதாரிகள் இருக்கிறார்கள். இந்தக் காட்சியில் சொல்லப்பட்ட எண் தவறு, இந்த வழக்கில் இன்னார் விடுதலையாகிவிட்டார், அதை இறுதி அறிவிப்பில் சேருங்கள் என்று ஆதாரத்தோடு ஒரு பக்கக் கடிதம் எழுதுவதற்கு ஆயிரம் பேர் கூடும் பொதுக்கூட்டம் தேவையில்லை. கைதானவர் விடுதலையாகியிருந்தால், கைதைக் காட்டிய அதே அளவுக்கு விடுதலையையும் காட்டு என்பது எந்த நீதிமன்றத்திலும் நிற்கும் நியாயம்.

இனி, நம் வீட்டுக்குள் பேச வேண்டியதையும் பேசிவிடுவோம்.

அலீ (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, ஒரு தரப்பைக் கேட்டது போலவே மறுதரப்பையும் கேட்கும்வரை தீர்ப்பளிக்கலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். நம் கூடத்தில் சோபாவில் அமர்ந்து, அரைமணி நேர நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, ‘இவனைத் தூக்கில் போட வேண்டும்’ என்று தீர்ப்பளிக்கிறோமே, நாம் கேட்டது யாருடைய தரப்பு? பெரும்பாலும் காவல்துறையின் தரப்பு மட்டுமே. திரையில் வரும் முஸ்லிமைப் பற்றி அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள் என்று பிறரிடம் கேட்கும் நாம், திரையில் வரும் ஓர் ஏழையைப் பற்றியோ, வடமாநிலத் தொழிலாளியைப் பற்றியோ, சேரியில் வாழும் இளைஞனைப் பற்றியோ அதே அவசரத்தோடு முடிவெடுக்கலாமா? ஒரு கொள்ளைக் காட்சியில் ‘இவனுங்க எல்லாமே இப்படித்தான்’ என்று நம் பிள்ளையின் காதுபட ஒரு சொல் விழுந்தால், ‘தி கேரளா ஸ்டோரி’யின் பாடத்தை நாமே நம் வீட்டில் நடத்தியவர்களாவோம்.

இதைவிடக் கசப்பானது, மஹல்லாவில் ஒருவர் கைதாகும்போது நடப்பது. செய்தி வந்த அன்றே அந்த வீட்டின் பக்கம் செல்வோர் குறைந்துவிடுகிறார்கள். அவர் தங்கைக்குப் பேசிவைத்த சம்பந்தம் முறிகிறது. பெருநாளன்று அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார் இல்லை. தீர்ப்பு வரப் பத்தாண்டு ஆகலாம். ஊர் பத்தே நிமிடத்தில் தீர்ப்பு எழுதிவிடுகிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு பரவியபோது, அதைக் கேட்டவுடனேயே நல்லெண்ணம் கொண்டு, இது தெளிவான அவதூறு என்று ஏன் சொல்லவில்லை எனத் திருக்குர்ஆன் கண்டித்தது (24:12) பொய்யைக் கட்டியவர்களை மட்டுமன்று, கேட்டுக் கைமாற்றியவர்களையும்தான். கைதானவர் குற்றவாளியாகவே இருந்தாலும் அவருடைய தாயும் மனைவி மக்களும் குற்றவாளிகள் அல்லர். ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்பது நம் மார்க்கத்தின் அடித்தளம். அந்த அடித்தளத்தை நம் தெருவிலேயே உடைத்துவிட்டு, மும்பையிலிருக்கும் தயாரிப்பாளர் அதைக் காக்க வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பது?

எனவே, அடுத்த முறை ‘உண்மைச் சம்பவம்’ என்னும் வரி திரையில் தோன்றும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டே கேளுங்கள். இதில் பேசாதவர் யார்? வழக்கு பின்னர் என்னவாயிற்று? இறந்தவரின் வீட்டாரைக் கேட்டுத்தான் எடுத்தார்களா? விடையைக் கைப்பேசியில் தேடிப் பார்க்கவும் பழக்குங்கள். செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்லும் கட்டளையை (49:6) மக்தபில் மனனம் செய்யும் பிள்ளைக்கு, அதை நடைமுறையில் ஓதிக்காட்டும் இடம் அதுதான். எழுத்தும் ஒளிப்பதிவும் படிக்க விரும்பும் பிள்ளைகளை ‘இது நமக்கு எதற்கு’ என்று தடுக்காதீர்கள். நம் கதையைப் பிறர் திரித்துவிட்டார்கள் என்று புலம்பும் சமுதாயம், அதைச் செவ்வையாகச் சொல்லத் தெரிந்த பத்துப் பேரையாவது உருவாக்கியிருக்க வேண்டும்.

நமக்குச் சாதகமாயினும் பாதகமாயினும் நீதிக்குச் சாட்சிகளாக நிற்கும் உறுதியை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. செய்யாத குற்றத்துக்காகச் சிறைவாசம் அனுபவிக்கும் ஒவ்வொருவருக்கும், அவர் எம்மதத்தவராயினும், விடுதலையையும் இழந்த பெயரையும் அவன் மீட்டுத் தருவானாக. ஆமீன்.